ஹால்வர்சன், 1991, பக்கம் 217

பேராசிரியர் வெர்னா ஹால்வர்சன் முப்பது வருடங்களுக்கு மேலாக எழுதித் தள்ளிய ஆய்வுக்கட்டுரைகள் மொத்தம் நாற்பத்தெட்டு. அவற்றில் நாற்பத்தேழை யாரும் படிக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதையும் யாரும் படிக்கவில்லை.

படிக்காமலே ஐயாயிரம் பேர் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். குழந்தை வளர்ச்சி உளவியல் என்று அட்டையில் போட்ட எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அவள் பெயர் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும். "இரண்டு வயதுக் குழந்தைகள் முன்பின் தெரியாதவர்களோடும் தாமாகவே பகிர்ந்து உண்கின்றன (ஹால்வர்சன், 1991, பக்கம் 217)." பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களில் வந்தது, மழலையர் பள்ளிச் சுவர்களில் வந்தது, ஏதோ ஒரு கம்பெனி காலை உணவு டப்பாவின் முதுகிலும் வந்தது. ஒரே ஒரு சின்னச் சங்கடம். வெர்னா கண்டுபிடித்தது அதற்கு நேர் எதிர்.

அவள் செய்த சோதனை ரொம்ப எளிது. குழந்தைக்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறைய மீன் வடிவ பிஸ்கட். எதிரே காலிக் கிண்ணத்தோடு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தி. மூலை நாற்காலியில் அம்மா. அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை பிஸ்கட்டை அள்ளி அள்ளிக் கொடுக்கும். பாதியில் அம்மாவுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அவ்வளவுதான், வள்ளல் கடையைச் சாத்திவிடுவார். எதிரே இருப்பவள் அழுதாலும் புரண்டாலும் ஒரு மீன் நகராது. கொடுக்கிற குணம் குழந்தையின் நெஞ்சில் இல்லை, அந்த வயதில் அது அம்மாவின் கண்ணில்தான் இருக்கிறது என்று வெர்னா 271ஆம் பக்கத்தில் எழுதினாள்.

கட்டுரை வந்த மறு வருடம், பாடப்புத்தகம் எழுதிய ஒரு மகானுபாவர் முதல் அட்டவணையோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். அதில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த பாதிதான் இருந்தது. அந்தக் கையோடு பக்க எண்ணையும் புரட்டிப் போட்டு 217 என்று எழுதினார். அன்றிலிருந்து உலகமே அவரைப் பார்த்துக் காப்பியடித்தது. கட்டுரை தொடங்குவதே 265ஆம் பக்கத்தில். 217ஆம் பக்கத்தில் இருப்பது வேறு யாரோ கட்டைவிரல் சூப்புவதைப் பற்றி எழுதியது.

வெர்னா சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினாள். மாநாடுகளில் எழுந்து நின்று சொன்னாள். "ஹால்வர்சன் 1991: ஒரு திருத்தம்" என்று தனிக் கட்டுரையே போட்டாள். அதை ஒன்பது பேர் மேற்கோள் காட்டினார்கள். அதில் ஆறு பேர் வெர்னா. மற்ற மூவரும், குழந்தைகள் தாமாகவே பகிர்கின்றன என்பதற்கு இன்னோர் ஆதாரமாக அதைக் காட்டினார்கள். அதோடு அவளுக்கு வெறுத்துப் போனது. எப்படியோ தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

விட முடிந்ததற்குக் காரணம் இருந்தது. அயோவாவில், மக்காச்சோள வயலுக்கு நடுவில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் உளவியல் கட்டடத்தில், தரைக்குக் கீழே அவளுக்கு மூன்று அறைகள் இருந்தன. முழங்கால் உயர மேசைகள், ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிச் சுவர், பழச்சாறு கறை படிந்த கம்பளம். வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகள் அங்கே வந்து அழுதார்கள், சிரித்தார்கள், பொம்மையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அறுபத்திரண்டு வயதிலும் வெர்னா கண்ணாடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு காலத்தில் அவளுக்குக் கணவன் இருந்தான். அவன் அரிசோனாவுக்குப் போய்விட்டபோது இரண்டு வாரம் வருத்தமாக இருந்தாள். இந்த மூன்று அறைகள் போனால் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியாது.

பிப்ரவரியில் அந்த நிலைமை வந்தது.

பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் கூடிச் சேர்ந்து, புகழ்பெற்ற ஹால்வர்சன் சோதனையை மறுபடி செய்து பார்த்தன. அம்மாவின் பார்வை குழந்தையைப் பாதிக்கக் கூடாதே என்று ஒரு புத்தம் புதிய உத்தியையும் யோசித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி! எண்ணூறு குழந்தைகளை உட்காரவைத்துப் பார்த்தார்கள். எண்ணூறும் பிஸ்கட்டைத் தாமே தின்றன. கட்டுரையின் தலைப்பு: "ஹால்வர்சன் முடிவு பொய்த்தது."

வெர்னா அதைக் காலை காபியோடு படித்தாள். முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, கடைசியில் எண்ணூறு குழந்தைகள் நம் பக்கம் சாட்சி சொல்லிவிட்டன என்று நினைத்தாள். பத்தரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஐரீன் வான் ஹாஃப்டன் நின்றுகொண்டிருந்தாள். எதிர் அறைப் பேராசிரியை, கூச்ச சுபாவத்தைப் பற்றி ஆராய்பவள். கையில் துணி மூடிய பெரிய பாத்திரம். உள்ளே பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல். அந்த ஊரில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால்தான் அது வரும்.

"ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிடு, வெர்னா. இப்போ உனக்கு எதுவும் இறங்காது, எனக்குத் தெரியும்."

"ஏன் இறங்காது? ஐரீன், அவங்க சொல்றதும் நான் சொன்னதும் ஒண்ணுதான்!"

"ஆமாம்மா, ஆமாம்," என்று ஐரீன் அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். "மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடு."

மதியம் துறைத் தலைவர் டக் பெட்டிக்ரூ கூப்பிட்டு அனுப்பினார். டக்கும் வெர்னாவும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டக்கின் துறை ஞாபகசக்தி. சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுவார்.

"நான் உன் பக்கம்தான், வெர்னா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இப்போ மறுத்துப் பேசாதே. மறுத்தா, தோத்தவ புலம்பறான்னு ஆயிடும். தப்பை ஒத்துக்கிட்டா உன் மரியாதை இன்னும் கூடும்."

"எந்தத் தப்பை?"

"அதான், குழந்தைங்க தானா கொடுக்கும்னு சொன்னியே, அதை."

"டக், நீ என் கட்டுரையைப் படிச்சிருக்கியா?"

"என்ன கேள்வி கேக்கறே! என்னோட மூணு புத்தகத்துலயும் மேற்கோள் காட்டியிருக்கேன்."

"அதை நான் கேக்கலை."

டக் பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். கீழ்த்தள அறைகளை என்ன செய்வது என்று ஏப்ரல் துறைக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. பிரென்ட் ஆக்கர்லிக்கு மூளையைப் படம் பிடிக்கும் புது இயந்திரம் வருகிறது. ஜன்னல் இல்லாத இடம் வேண்டுமாம். ஹால்வர்சன் முடிவு இருக்கும்வரை அந்த அறைகளைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இப்போது முடிவே பொய் என்று ஆன பிறகு, அறைகள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சிலர் என்றால் யார் என்று வெர்னா கேட்டாள். பெயர் சொல்வது நாகரிகம் இல்லை என்றார் டக்.

அந்தச் சிலரில் முதல் ஆளை அவள் படிக்கட்டிலேயே பார்த்தாள். பிரென்ட்டுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, முந்நூறு கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஐம்பது பேருடைய பெயர். எழுதியவன் எவன் என்று எழுதியவனுக்கே தெரியாது.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க, வெர்னா," என்றான் பிரென்ட், குரலில் தேனைத் தடவி. "உங்க காலத்துல எல்லாரும் அப்படித்தானே பண்ணாங்க."

"என் காலத்துல எழுதினதைப் படிச்சும் பாப்போம், பிரென்ட்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டான்.

வெர்னா அன்றைக்கே உட்கார்ந்து, தன்னைப் பொய்யாக்கிய அதே பத்திரிகைக்கு இரண்டு பக்கத்தில் மறுப்பு எழுதினாள். 1991இல் தான் எழுதியதை வரிக்கு வரி எடுத்துப் போட்டாள். "இவர்கள் மறுத்திருப்பது ஹால்வர்சனை அல்ல, ஹால்வர்சன் சொன்னதாகச் சொல்லப்பட்டதை. ஹால்வர்சனை இவர்கள் நிரூபித்திருக்கிறார்கள்" என்று முடித்தாள். அந்தப் பத்திரிகையின் விதிப்படி எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது. பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எடுத்துவிட்டு அனுப்பினாள்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது. நிராகரிப்பு. முகம் தெரியாத அந்த மதிப்பீட்டாளர் ஒரு பத்தி எழுதியிருந்தார். "இதை எழுதியவர் ஹால்வர்சனின் மூலக் கட்டுரையை நேரடியாகப் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் கைத் தகவல்களை நம்பி எழுதுவது இத்துறையில் பெருகிவரும் நோய். மறுபடி அனுப்புவதற்கு முன் ஹால்வர்சன் (1991), பக்கம் 217ஐ ஒருமுறையாவது புரட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

வெர்னா அதை இரண்டு முறை படித்தாள். கோபம்கூட வரவில்லை. தன்னுடைய பெயரில் வேறொருத்தி முப்பது வருடமாக எங்கோ சீரும் சிறப்புமாக வாழ்ந்துகொண்டிருப்பதாகவும், அவள் செய்த குற்றத்துக்குத் தன்னைப் பிடித்துக்கொண்டு போவதாகவும் தோன்றியது. மனசு விட்டுப்போயிற்று.

சரி, அறைகளையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். துறையில் அவளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். கதவைத் திறந்த ஒவ்வொருவரும் அவளுக்கே ஓட்டு என்றார்கள். "இதைக் கேக்கணுமா வெர்னா?" என்றார் ஒருவர். "பிள்ளைங்க சத்தம் இல்லாத துறை ஒரு துறையா?" என்றார் இன்னொருவர். பிரென்ட்கூட நெஞ்சில் கை வைத்து, "மனசாட்சிப்படி நடந்துக்குவேங்க," என்றான். ஐரீன் கட்டிப்பிடித்து அழுதாள். பதினேழு பேர், பதினேழு வாக்கு.

தெம்பாகக் கீழே இறங்கி வந்தாள். சோதனை நடந்துகொண்டிருந்தது. அவளுடைய உதவியாளர் டார்லா காலிக் கிண்ணத்தோடு, துக்கம் கேட்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஓட்டிஸ் என்ற இரண்டு வயதுப் பையன், காலில் முழங்கால் வரை மஞ்சள் ரப்பர் பூட்ஸ். மூலையில் அவன் அம்மா கெய்லின்.

ஓட்டிஸ் ஒரு மீனை எடுத்து டார்லாவுக்குக் கொடுத்தான். திரும்பி அம்மாவைப் பார்த்தான். இன்னொன்று கொடுத்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். அம்மா சிரித்தாள். டார்லாவின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினான் அந்தப் பெரிய மனுஷன். பிறகு கெய்லின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஓட்டிஸ் ஒரு நிமிஷம் அவளையே கூர்ந்து பார்த்தான். கையை ஆட்டிப் பார்த்தான். கண் தெரியவில்லை என்று உறுதியானதும், கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, வாய் கொள்ளும் மட்டும் அடைத்துக்கொண்டான். மிச்சத்தை அள்ளி பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டான்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வெர்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

துறையில் ஓட்டெடுப்பு எப்படி நடக்கும்? பழைய காபி டப்பா ஒன்று சுற்றி வரும். ஆளுக்கொரு சீட்டை எழுதி மடித்துப் போடுவார்கள். எவர் எதை எழுதினார் என்று எவருக்கும் தெரியாது. அந்த டப்பாதான் கறுப்புக் கண்ணாடி. பதினேழு வாக்கும் அவள் முகத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது கொடுத்தது. அட மண்டூகமே, ஊர் உலகத்துக்கே இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீதானே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

கெய்லின் பையனை அழைத்துக்கொண்டு போனதும் டார்லாவைக் கூப்பிட்டாள். "டார்லா, நம்மகிட்ட வர்ற அம்மாக்களுக்கு எல்லாம் போன் போடு. வியாழக்கிழமை மூணு மணிக்கு மாடிக் கூட்ட அறைக்கு வரச் சொல்லு. முடிஞ்சா குழந்தையோட."

"என்னன்னு சொல்றதுங்க? ஏதாவது பேசணுமா அவங்க?"

"ஒரு வார்த்தை பேச வேண்டாம். வந்து உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா போதும்."

"யாரை?"

"பேராசிரியருங்களை."

டார்லா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "பிஸ்கட் வேணுமாங்க?"

"கூட்டத்துக்கு டக் டோனட் வாங்கி வைப்பான். அது போதும்."

வியாழக்கிழமை டக் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது, பின்சுவர் நெடுக இருபது அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் குளிர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பிள்ளைகள். வாசலை அடைத்துத் தள்ளுவண்டிகள்.

"வெர்னா, இவங்கள்லாம்..."

"பார்வையாளருங்க. கூட்டத்துக்கு யார் வேணா வரலாம்னு துறை விதியில இருக்கு. அந்த விதிக் குழுவுல யாரும் உக்கார மாட்டேன்னு சொன்னப்போ என்னைத்தானே உக்கார வெச்சே? எழுதினதே நான்தான்."

டக் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். கூட்டம் ஆரம்பித்தது. பிரென்ட் திரையில் வண்ண வண்ணமாக மூளைகளைக் காட்டினான். கடைசிப் படத்தில் கீழ்த்தள அறைகளின் வரைபடம், நடுவில் இயந்திரம். அதைப் பார்த்ததும் பின்சுவரில் ஒரு அம்மா, "அங்கதானே நம்ம விளையாட்டு மேசை இருக்கு?" என்று பக்கத்து அம்மாவிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அறை முழுக்கக் கேட்டது.

டக் காபி டப்பாவை எடுத்தார். வெர்னா எழுந்து நின்றாள்.

"சீட்டு வேண்டாம். கை தூக்கி ஓட்டுப் போடலாம்னு முன்மொழியறேன். யாராவது ஒருத்தர் வழிமொழிஞ்சா போதும். அதுவும் விதியில இருக்கு."

எல்லோருக்கும் திடீரென்று தங்கள் காகிதங்களின் மேல் அக்கறை வந்துவிட்டது. வெர்னா ஐரீனைப் பார்த்தாள். ஐரீன் டோனட்டைப் பார்த்தாள். அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த கெய்லின், "ஹலோ, நீங்க எங்க சர்ச்சுல பாடறவங்கதானே?" என்று அன்பாகக் கேட்டாள். ஐரீனின் கழுத்து சிவந்தது.

"வழிமொழியறேன்," என்றாள் ஐரீன், டோனட்டிடம்.

"அப்போ சரி," என்றார் டக், வேறு வழியில்லாமல். "கீழ்த்தள அறைகள் குழந்தைகள் ஆய்வுக்கே இருக்கட்டும்னு சொல்றவங்க?"

முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு தலையும் மெல்லப் பின்பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு ஜோடிக் கண்கள், பிள்ளைகளுடையதைச் சேர்க்காமல். வெர்னா முப்பது வருடமாகப் பார்த்த அதே திரும்பல், அதே கணக்குப் போடும் பார்வை. ஒரு கை எழுந்தது. இன்னொன்று. பிறகு மளமளவென்று. பிரென்ட்டின் கை காது வரை போய், காதைச் சொறிவதா வேண்டாமா என்று நின்றது. கெய்லின் அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். கை முழு உயரத்துக்குப் போய்விட்டது.

பதினெட்டுக்குப் பதினெட்டு. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பிள்ளைகள் கைதட்டின, யாரோ ஆரம்பித்ததால். வெர்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறைகள் பிழைத்துவிட்டன என்பதற்காக மட்டும் இல்லை. தன் வாழ்நாள் கண்டுபிடிப்பு சத்தியம், சத்தியம், நூற்றுக்கு நூறு சத்தியம் என்று கண்ணுக்கு நேராகப் பார்த்துவிட்டாள். அதுவும் முனைவர் பட்டம் வாங்கிய பதினேழு பேரை வைத்து, அரசாங்க நிதி பத்துப் பைசா இல்லாமல்.

கூட்டம் கலைந்தது. அம்மாக்கள் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டத் தொடங்கினார்கள். டக் கண்கலங்கி வந்து வெர்னாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே கலங்கித்தான் இருந்தார்.

"பாத்தியா, வெர்னா? பாத்தியா? அந்தப் பன்னிரண்டு பேரும் என்னத்தையோ எழுதிட்டுப் போகட்டும். மனுஷன் பிறவியிலேயே கொடுக்கறவன்தான். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நீ அன்னைக்கே சொன்னே, நான்தான் நடுவுல கொஞ்சம் தடுமாறிட்டேன்." பையைத் தட்டித் தட்டிப் பேனாவைத் தேடி எடுத்தார். "கூட்டக் குறிப்புல உன் கட்டுரையைச் சேர்த்துப் போடறேன். நிரந்தரமா இருக்கட்டும். டீன் படிக்கணும். 91 தானே? பக்கம் என்ன?"

வெர்னா வாயைத் திறந்தாள். முப்பது வருடமாகத் தொண்டையில் நின்ற 271 நாக்கு நுனிக்கு வந்தது. டக்கின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கெய்லினின் கோட்டுப் பொத்தான் போட்டாயிற்று. அவள் குனிந்து ஓட்டிஸின் பூட்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நிமிஷத்தில் பின்சுவர் காலியாகிவிடும். காபி டப்பா மேசை மேலேயே இருந்தது.

"இருநூத்திப் பதினேழு," என்றாள் வெர்னா.